ஆறாவது ஹெல்மெட்

சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்த மூன்றாம் நாள் மதியம், அண்ணியே நாத்தனாரைத் தேடி அவள் ரிப்பேர் கடைக்கு வந்துவிட்டாள்.

இருபது நாளாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "ஷாக் அடிச்சுச் செத்தா யார் பதில் சொல்றது? கடையை மூடிட்டு வீட்டோட இரு" என்று அண்ணி நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். அன்றோடு இவள் அந்த வீட்டு வாசற்படி மிதிப்பதை விட்டாள். டிவியில் படம் கறுத்துப் போகிறது என்று அண்ணன் மூன்று முறை சொல்லியனுப்பியும், பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்தடித்தாள். ரேடியோவும் டிவியும் ரிப்பேர் பார்ப்பது அவள் தொழில். ரேடியோவுக்குள் எரியும் வால்வை வைத்து அண்ணன் விளையாட்டாக இட்ட பெயர் ஒட்டிக்கொண்டு, எல்லாருக்கும் அவள் 'வால்வு' ஆகியிருந்தாள்.

"வால்வு, ஆளுங்களை வெளிய கொண்டு வர்றாங்களாம். டிவியில நேரா காட்டுறாங்களாம். நம்ம டிவியில ஒரு மண்ணும் தெரியல."

வால்வு கருவிப் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் பதினொரு பேர். அண்ணன் அதில் ஒருவன். மலைச் சாலை சரிந்து கிடந்ததால் வீட்டாரை மேலே விடவில்லை. ஃபோன் லைனும் அறுந்துவிட்டது. தொழிலாளர் குடியிருப்பிலேயே டிவி இருந்தது அண்ணன் வீட்டில் மட்டும்தான். கூடத்தில் எள் விழ இடமில்லாமல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் தார் பூசியதுபோல ஒரே கறுப்பு. அதுவும் ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் முறுக்கிக்கொண்டு ஓடியது. பேசுகிறவரின் குரலை ஒரு ரீங்காரம் விழுங்கியது.

வால்வுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. சிக்னல் கூடினால் அடக்கி, குறைந்தால் தூக்கிவிடும் ஏஜிசி சர்க்யூட் செத்துவிட்டது. கடிவாளம் அறுந்த குதிரை மாதிரி செட் தறிகெட்டு ஓடுகிறது. அந்த லைனில் இருக்கும் கண்டென்சர் கசிந்திருக்கும். மாற்ற வேண்டியது அது ஒன்றுதான். அது கையில் இல்லை.

"சரி பண்ணிடலாம்ல?" என்றாள் கடைசி வீட்டு அக்கா. அவள் புருஷன் டிரில் ஓட்டுகிறவர்.

"சரி பண்ண நேரமில்லக்கா. சமாளிக்கலாம்."

பின்மூடியைக் கழற்றினாள். பையில் இருந்த பேட்டரியையும், பழைய ரேடியோவின் வால்யூம் குமிழையும் ஒயரால் கோத்து, அந்த லைனில் பற்றவைத்தாள். சர்க்யூட் தானாகச் செய்த வேலையை இனிமேல் குமிழைத் திருகி அவள் செய்ய வேண்டும். செட் ஓடும்போது அதன் இரும்புச் சட்டமான சேசிஸ் முழுக்கக் கரண்ட் இருக்கும். ஒரு கை பட்டு, மறு கை இன்னொன்றில் பட்டால் கதை முடிந்தது. இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டாள். அண்ணி அதைக் கவனித்தாள். பலகை ஒன்றைக் கொண்டுவந்து அவள் காலுக்கடியில் தள்ளினாள்.

பின்னால் இருந்தபடியே திரையைப் பார்க்க, ஒருத்தி முன்னால் கண்ணாடி பிடித்தாள். குமிழை மெல்லத் திருகினாள். கறுப்பு விலகி, சுரங்க வாய் தெரிந்தது.

"வந்துருச்சு! வந்துருச்சு!"

வெளியே வருகிறவர்கள் எல்லார் முகத்திலும் சேறு. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஆனால் ஹெல்மெட்டில் வெள்ளை பெயின்ட்டில் நம்பர் இருந்தது. தன் வீட்டு நம்பர் எது என்பது ஒவ்வொருத்திக்கும் மனப்பாடம். கண்ணாடியில் எண்கள் திரும்பித் தெரிந்ததால் வால்வு அவற்றைப் படிக்க முயலவில்லை. படம் நிலையாக நிற்கிறதா என்பதிலேயே கண்ணாக இருந்தாள்.

"பதினேழு!" ஒருத்தி அலறிக்கொண்டு எழுந்தாள். அடுத்து முப்பத்தொன்று. ஒன்பது. வரிசையாக ஐந்து பேர். அழுகையும் சிரிப்புமாகக் கூடம் கலகலத்தது.

ஆறாவது ஆள் சுரங்க வாசலில் தலைகாட்டியபோது, வீட்டுக் கூரைக்கு மேலே ஹெலிகாப்டர் தடதடத்தது. சிக்னல் குலைந்து, படம் பொங்கியது, அமிழ்ந்தது, மறுபடி பொங்கியது. வால்வு குமிழை இப்படியும் அப்படியும் திருகினாள். கை பின்தங்கியது. நல்ல நிலையில் இருக்கும் சர்க்யூட்டுக்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும். அவள் விரலுக்குப் போதவில்லை. திரை கறுத்து, திரும்பி வந்தபோது அந்த ஆளை ஆம்புலன்சுக்குள் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

"யாரு அது? நம்பர் பார்த்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை.

ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது ஆட்கள் வந்தார்கள். நான்கு பேரின் நம்பரும் பளிச்சென்று தெரிந்தது. ஒவ்வொரு நம்பருக்கும் ஒருத்தி எழுந்தாள். எழாமல் மிச்சம் இருந்தது இரண்டே பேர்: அண்ணியும் கடைசி வீட்டு அக்காவும். அண்ணன் நம்பர் இருபத்து மூன்று, அக்காவின் புருஷன் நம்பர் நாற்பது. ஒருத்தியின் புருஷன் ஆறாவதாக நடந்து வந்துவிட்டார். யாருடைய புருஷன்?

பதினோராவதாக ஸ்ட்ரெச்சர் ஒன்று வந்தது. ஹெல்மெட் இல்லை. முகத்தைத் துணி மூடியிருந்தது.

அக்கா அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எதை வேண்டிக்கொண்டாலும் அது பக்கத்தில் இருப்பவளுக்குக் கேடு.

"இன்னும் தெளிவா வை வால்வு, கால் தெரியுதான்னு பார்ப்போம்" என்று யாரோ கெஞ்சினார்கள். அவள் குமிழை ஏற்றினாள். துணியின் மடிப்புகூடத் தெரிந்தது. கூடவே ரீங்காரமும் எகிறி, பேசுகிறவரின் குரலை அமுக்கியது. ஏதோ நம்பர் சொல்வதுபோல் அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

வால்வு பல்லைக் கடித்துக்கொண்டு குமிழை எதிர்ப்பக்கம் முழுக்கத் திருகினாள். படம் வெளுத்து, பனியில் கரைந்தது.

"ஐயோ, படம் போச்சு! என்னடி பண்ற?"

"படம் கிடக்கட்டும்! பேச்சைக் கேளுங்க!"

ரீங்காரம் அடங்கியது. மெலிந்த, ஆனால் தெளிவான குரல் வந்தது: "...மூன்று நாள் இருட்டில் இருந்தவர், மல்லாந்து படுத்திருப்பதால், கண்ணில் வெளிச்சம் படாமல் முகத்தைத் துணியால் மூடியிருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை. பாறை விழுந்து கால் நசுங்கியிருக்கிறது. இவர் எண் இருபத்து மூன்று. பதினொரு பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்."

அக்கா ஓவென்று அழுதாள். ஆறாவது ஆள் அவளுடையவர். அண்ணி அழவில்லை. "காலு தானே" என்றாள். "காலு தானே, காலு தானே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பெண்கள் செருப்பைத் தேடித் தெருவுக்கு ஓடினார்கள். வால்வு மட்டும் குமிழைப் பிடித்தபடி நின்றாள். விரல்கள் மரத்து, விட மறுத்தன. அண்ணி சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு வந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"அண்ணன் மூணு தடவை சொல்லியனுப்பிச்சாரு அண்ணி. நான்தான் வீம்புக்கு வரல. வந்திருந்தா அந்த ஆறாவது ஆள் நம்பர் தெரிஞ்சிருக்கும்..."

"கிளம்பு. சாலையைத் திறந்ததும் முதல் லாரியில போயிடணும். அழறதை ஆஸ்பத்திரியில போய் அழலாம்."

அண்ணனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. வீடு திரும்ப இரண்டு மாதம் ஆனது. அதுவரை வால்வு காலையில் கடையைத் திறந்தாள், மாலையில் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். பாத்திரத்தைக் கட்டிக் கொடுக்கும்போதெல்லாம் அண்ணி, "கரண்ட்ல கை வைக்கிறப்போ பலகை மேல நில்லு" என்பாள். கடையை மூடு என்று மட்டும் அப்புறம் அவள் சொல்லவே இல்லை.