அடுப்படிச் சுவரில் மூன்று சதுரங்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமனார் சாப்பிட வருகிறார். சாப்பிட மட்டும் வருகிறவர் இல்லை. புதிதாகத் திறக்கப் போகும் ஜவுளிக்கடையின் கல்லாவில் உட்காரப் போவது மூத்த மாப்பிள்ளையா, இளைய மாப்பிள்ளையா என்று அன்றைக்குத்தான் சொல்லப் போகிறார். மூத்தவர் வீட்டில் போன வாரமே சாப்பிட்டாயிற்று.

இளைய மாப்பிள்ளைக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. வாய் மட்டும் நன்றாக ஓடியது. வெள்ளிக்கிழமை காலை, "நீ தள்ளு, நான் பாத்துக்கறேன்" என்று மனைவியை ஒதுக்கிவிட்டுக் குக்கரைத் திறந்தார். மூடி கைநழுவி, அடுப்புக்குப் பின்சுவரில் இருந்த கண்ணாடி டைலில் போய் மோதியது. இளம்பச்சைக் கண்ணாடி. வீடு கட்டியபோது மாமனாரே தேர்ந்தெடுத்து, கூடவே நின்று ஒட்ட வைத்த சுவர். ஒரு டைலில் மூலைக்கு மூலை விரிசல்.

"அப்பாகிட்ட உடைஞ்சிருச்சுன்னு சொல்லிருவோங்க. கண்ணாடின்னா உடையத்தானே செய்யும்?" என்றாள் மனைவி.

"சொல்லேன். ஒரு மூடியைப் பிடிக்கத் தெரியாதவன் கல்லாவை எப்படிப் பிடிப்பான்னு உங்க அக்கா வீட்டுக்காரர் கேப்பாரு. அதுக்கும் நீயே பதில் சொல்லு."

பரணில் மிச்ச டைல்கள் இருந்தன. உளியும் சுத்தியலும் பக்கத்து வீட்டில் கிடைத்தன. பொறுமைதான் எங்கேயும் இரவல் கிடைக்கவில்லை. சுற்றிலும் இடுக்கைச் சுரண்டிவிட்டு, நடுவிலிருந்து மெதுவாகத் தட்டி எடுக்க வேண்டிய வேலை. அவர் ஓரத்தில் உளியை வைத்து ஓங்கிப் போட்டார். உடைந்த டைல் வந்தது. துணைக்குப் பக்கத்து டைல்கள் இரண்டையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"ஒண்ணைக் கழட்டப் போய் மூணைக் கழட்டிட்டீங்களே!"

"ஒண்ணு மட்டும் புதுசா இருந்தா கண்ணுக்குத் தெரியும். மூணா இருந்தா தெரியாது. இதெல்லாம் ஒரு கணக்கு."

அதே கணக்கோடு டைல் கடைக்குப் போனார்.

"பசை வெள்ளையா, சாம்பலாண்ணே?" என்று கேட்டார் கடைக்காரர்.

"எது மலிவு?"

"சாம்பல்தான்."

"அப்புறம் என்ன? பின்னாடி கிடக்கப் போறதுக்கு எதுக்குய்யா வெள்ளை? அதுலயும் கொஞ்சம் கொறைச்சுப் போடு."

கடைக்காரர் உடனே மூட்டையை இழுத்துப் போட்டார். அந்தச் சாம்பல் மூட்டை வெகுநாளாகப் போணியாகாமல் கிடந்தது. வலிய வந்த கிராக்கிக்கு எவன் பாடம் நடத்துவான்?

மாப்பிள்ளையையும் குறை சொல்ல முடியாது. ஜவுளியிலேயே வளர்ந்த ஆள். கறை பட்ட பக்கம் மடிப்புக்குள்ளே, நல்ல பக்கம் வெளியே. இந்த ஒரே சூத்திரத்தில் இத்தனை வருஷம் பிழைப்பு ஓடியிருக்கிறது. பின்பக்கம் என்றால் யார் கண்ணிலும் படாத பக்கம் என்பது அவர் படித்த படிப்பு. கண்ணாடி அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை.

ஒட்டும்போது சுவரெல்லாம் சேறாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் பார்த்தால், இளம்பச்சைக்கு நடுவே மூன்று சதுரங்கள் பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்தில் முழித்தன. பசை பூசின கரண்டி இழுத்த கோடுகள்கூட கண்ணாடிக்குள்ளே அப்படியே தெரிந்தன. அழுக்காக இருக்கும் என்று வினிகரைத் தண்ணீரில் கலந்து சுவர் முழுவதையும் துடைத்தார். பல மாத எண்ணெய்ப் பிசுக்கு போய் மற்ற டைல்கள் பளிச்சென்று ஆயின. மூன்றும் இன்னும் கறுத்தன.

"பிசுக்கு இருந்தப்பவாவது மூணும் கூட்டத்தோட கூட்டமா இருந்துச்சு," என்றாள் மனைவி. "இப்ப விளக்குப் போட்டுக் காட்டின மாதிரி இருக்கு."

"திரும்பக் கழட்டிரட்டுமா?"

"வேணாம் சாமி. சுவராவது மிஞ்சட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் நுழைந்தவர், டம்ளரும் கையுமாக நின்றுவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை இது?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் இவர் திறந்துவிட்டார். "டிசைன் மாமா! ஒரே நிறமா இருந்தா இப்பல்லாம் பழசுங்கறாங்க. நடுவுல மூணு மேகம் விட்டாத்தான் சுவத்துக்கே ஒரு எடுப்பு."

மாமனார் விரலால் தட்டினார். கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தார். "மேகத்துல கோடு கோடா இருக்கே?"

"மழை, மாமா."

மனைவி கரண்டியை வேண்டுமென்றே கீழே போட்டு, எடுக்கிற சாக்கில் குனிந்து சிரித்தாள். மாமனார் சிரிக்கவில்லை. உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார், கை கழுவினார், தீர்ப்பைச் சொன்னார்.

"மூத்தவர் தங்கமான மனுஷன். கேட்டா உண்மையைச் சொல்லிடறாரு. ஜவுளிக்கு ஆகாது. நீங்க அப்படி இல்ல. நான் பாத்துப் பாத்து ஒட்டின சுவத்தைக் கெடுத்துட்டு, மேகம், மழைன்னு என்கிட்டயே விக்கிறீங்க. புதுக் கடைக்கு நீங்கதான் வேணும்."

மாப்பிள்ளையின் நெஞ்சு நிமிர்ந்தது.

"துணி எடுத்துப் போடற இடத்துல," என்று முடித்தார் மாமனார். "கண்ணாடிக்குப் பின்னால பூசச் சாம்பல் பசை வாங்கற கையில கல்லாவைக் குடுக்க முடியாது. கல்லாவுக்கு நீ வாம்மா."

"மாமா, அவளுக்கு வியாபாரத்துல என்ன தெரியும்?"

"உங்களைத் தெரியுமே. அது போதும்."

கல்லாச் சாவி மகள் கைக்குப் போனது. அவள் அதை இருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கணவனிடம் திரும்பினாள்.

"என்னங்க, நாளைக்குச் சரக்கு இறங்குது. சீக்கிரம் வந்துருங்க. வேலைக்குச் சேர்ற அன்னிக்கே லேட்டா வர்ற ஆளுங்களை எனக்குப் பிடிக்காது."