எட்டு முடிச்சுத் தண்ணீர்

சோப்புக்காரனிடம் பேரம் பேசலாம், கரிக்காரனிடம் பேசலாம், வெயிலைக்கூட நாலு வார்த்தை திட்டிப் பார்க்கலாம். கிணற்றிடம் மட்டும் பேச்சு எடுபடாது. இருப்பதைக் காட்டும், அவ்வளவுதான்.

அன்று காலை சலவைக்கடை அண்ணி, அளவுக்கு முடிச்சுப் போட்டுக் கல் கட்டிய கயிற்றைக் கிணற்றில் இறக்கி எடுத்தாள். எட்டு முடிச்சு நனைந்திருந்தது. ஒரு முடிச்சுத் தண்ணீர் ஒரு தொட்டிக்கு. ஆக, எட்டுத் தொட்டி. ஐந்து மணிக்குள் விடுதிக்குப் போக வேண்டியதோ எண்பது படுக்கை விரிப்பு. இருபது இருபதாக நாலு ஈடு. ஒவ்வொரு ஈட்டுக்கும் சோப்புக்கு ஒரு தொட்டி, அலச மூன்று. மொத்தம் பதினாறு.

அவளுடைய கொழுந்தனுக்குத் தெருவில் ‘அவசரம்’ என்று பெயர். பெயரைக் காப்பாற்ற, போர் போடும் வண்டியையே அழைத்து வந்துவிட்டான். அது சந்து முனையில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

“கையெழுத்துப் போடுங்க அண்ணி. அறுநூறு அடி. கெணத்தையே மறந்துடலாம்.”

“பக்கத்து ஐஸ் ஃபேக்டரிக்காரரும் அப்படித்தான் மறந்தாரு. ரெண்டே வருஷத்துல உப்புத்தண்ணி. இப்ப அங்க என்ன விக்கறாங்க?”

“நாற்காலி.”

“உப்புத்தண்ணியில வெள்ளைத்துணியை முக்கிட்டு, நாமளும் நாற்காலி விக்கலாமா?”

“அப்ப எண்பதையும் எதுல வெளுக்கறது? எச்சில்லயா?”

அவள் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள். கணவன் போன பிறகு பாதிக் கிணறு அவள் பேரில் இருந்தது. அவள் கையெழுத்து இல்லாமல் துளை விழாது.

“அஞ்சு மணி வரைக்கும் பொறு தம்பி. எட்டுத் தொட்டியில முடிக்கலைன்னா நானே போட்டுத் தரேன்.”

“பேச்சு மாற மாட்டீங்களே?”

“மாறினா நீ விட்டுடுவியா?”

முதல் ஈட்டுக்கே நாலு தொட்டி போயிற்று. கடைசி அலசல் முடிந்து விரிப்புகளை எடுத்ததும் அவசரத்தின் கை தொட்டி அடைப்பானைப் பிடுங்கப் போனது.

“நில்லு!”

தொட்டியின் அடியில் யார் சட்டையிலிருந்தோ விழுந்த பொத்தான் ஒன்று கிடந்தது. அதன் நாலு துளையும் தெரிந்தன.

“இந்தத் தண்ணிக்கு என்ன குறைச்சல்னு சாக்கடைக்கு அனுப்பறோம்?”

“அலசின தண்ணி அண்ணி. அப்பா காலத்துலேருந்து கொட்டறதுதானே?”

“மாமா காலத்துல முப்பது முடிச்சு நனையும்.”

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “சோப்புத்தொட்டியை மட்டும் தொறந்து விடு. புதுத்தண்ணி அதுல. அதுதான் இனி கடைசி அலசல். முதல் அலசல் தண்ணியில சோப்புப் போடு, பாதிச் சோப்பு ஏற்கெனவே அதுலதான் கெடக்கு. மத்ததெல்லாம் ஒரு படி நகரட்டும். ஈட்டுக்கு ஒரு தொட்டிதான் புதுசு.”

அவசரம் விரல் விட்டு எண்ணினான். “நாலு, அப்புறம் ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு… ஏழு! அண்ணி, ஒண்ணு மிச்சம்!”

அந்த மிச்சம் மூன்றாவது ஈடு வரைதான் தங்கியது. விரிப்புகளைத் தோளில் அள்ளிப் போட்டவன், எங்கோ பார்த்தபடி அடைப்பானைப் பிடுங்கிவிட்டான். தெளிந்த தண்ணீர் கொர்ரென்று போயிற்று. சந்து முனையில் வண்டிக்காரர் சிரித்தார்.

“வேணும்னே பண்ணியா?”

“சத்தியமா இல்லண்ணி. கை தானாப் போயிடுச்சு.” முகம் செத்துப் போயிருந்தது.

“சரி. தப்பு பண்றதுக்கு இனிமே தண்ணி இல்லை. மோட்டாரைப் போடு.”

அவன் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டான். எட்டாவது தொட்டி விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது மோட்டார் இருமி நின்றது. கடைசி இருபதையும் ஐந்தைந்தாக அலசினார்கள். கொடியில் காயும்போது வண்டிக்காரர் பொழுது போகாமல் இன்ஜினை உறும விட்டார்.

“யோவ், புழுதி படுதுய்யா! வண்டியை எடுத்துட்டுக் கெளம்பு!” என்று கத்தியது அவசரம்தான்.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது விடுதி மேனேஜர் விரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார், முகர்ந்தார், திருப்பினார்.

“குறை சொல்ல ஒண்ணும் கெடைக்கலையேம்மா.”

“நிதானமாத் தேடுங்க. எங்களுக்கு இனிமே அவசரமில்லை,” என்று கொழுந்தனைப் பார்த்தாள்.

மறுநாள் காலை அண்ணி வரும்போது கயிறு ஏற்கெனவே நனைந்திருந்தது.

“நாலு முடிச்சு ஊறியிருக்கு,” என்றான் அவசரம். “நேத்துத் தண்ணி மூணு தொட்டியில அப்படியே இருக்கு. நாலு ஈடும் போகும்.”

ஒவ்வொரு அடைப்பானும் கம்பியால் தொட்டியோடு கட்டப்பட்டிருந்தது.

“இதென்ன?”

“என் கைக்கு விலங்கு.”

அவள் குனிந்து ஒரு கம்பியை இழுத்துப் பார்த்தாள். கொஞ்சம் அசைந்தது. இன்னும் இரண்டு முறுக்கு முறுக்கிவிட்டு, “சோப்பை எடு,” என்றாள்.