நின்ற இடத்திலேயே ஓடிய லாரி

ஹைதராபாத் பக்கம் ராமச்சந்திராபுரத்துக்கு அப்பால் ஓர் இரும்பு வார்ப்பாலையின் கேட்டுக்கு முன்னால் நின்ற சூசைராஜின் லாரி, ஓர் அடிகூட நகராமல், ஒரே மதியத்தில் இருநூறு கிலோமீட்டர் ஓடியது. அன்று வெயில் அதிகம், டீசல் விலையில் மாற்றமில்லை. அந்த கேட்டில் வரிசை எப்போது நகரும் என்பது வாட்ச்மேனுக்கே தெரியாது. அவர் விசில் ஊதும்போது இன்ஜின் அணைந்திருந்தால் முறை போய்விடும். அதனால் டிரைவர்கள் எல்லோரும் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கம்பெனி அதைச் சும்மா நின்ற நேரம் என்று எழுதும், வேலையில் சேர்க்காது. மேட்டூர்க்காரரான சூசைராஜுக்கு இதில் பல வருஷக் கோபம். அவர் அடக்கிக்கொண்டார், வண்டி அடக்கிக்கொள்ளவில்லை.

அந்தக் கோடையிலிருந்து, நிற்கும்போதே அவருடைய கண்ணாடிக்கு முன்னால் ரோடு வர ஆரம்பித்தது. வெளியே இருப்பவர்களுக்கு வண்டி கேட்டில் நிற்கும். உள்ளே இருப்பவருக்கு அது சோலாப்பூர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும். ஜஹீராபாத் வரும், மேடு வரும், குறுக்கே எருமையும் வரும். ஸ்டியரிங்கை விட்டால் வண்டி பள்ளத்தில் இறங்கிவிடும் என்பதால், முன்பு கிடைத்த குட்டித் தூக்கமும் போயிற்று. விசில் கேட்டதும் ரோடு மறைந்து கேட் தெரியும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அமீர்பேட் ஆபீசில், எந்த வண்டி எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை கிலோமீட்டர் போனது என்று கம்ப்யூட்டரில் ஒத்துப் பார்ப்பது ரோஸ்லினின் வேலை. ஓடிய நேரம் கொஞ்சம், கிலோமீட்டர் ஏராளம் என்பதால், அவள் பார்த்த கணக்குப்படி சூசைராஜ் ஓட்டுவது லாரி இல்லை, விமானம். வண்டியில் கிலோமீட்டர் எண்ணும் கருவியை இரண்டு முறை மாற்றியும் அதே கதைதான். மேனேஜர் பிரசாத் அல்வாலில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழர், பொறுமைக்குப் பேர் போனவர் அல்ல. கருவியை ஏமாற்றி, கம்பெனிக்குத் தெரியாமல் வெளி லோடு அடித்ததாக ஒரு மன்னிப்புக் கடிதத்தை அவரே டைப் செய்து நீட்டினார். அதில் கையெழுத்துப் போட்டால் வேலை போகும். திருட்டுப் பட்டத்தோடு வருகிறவருக்கு ஹைதராபாத்தில் வேறு எந்த லாரி ஆபீசும் சாவி தராது.

"பேச்செல்லாம் நக்கோ, வேணாம் சூசை. சைன் போட்டுட்டுப் போங்க, போலீசுக்குப் போக மாட்டேன்."

"போங்க சார், நானும் வர்றேன். திருடாதவன் எதுக்குங்க கையெழுத்துப் போடணும்?"

ரோஸ்லின் தயங்கித்தான் வாயைத் திறந்தாள். "சார், நின்ன நேரத்தையும் ஓட்டின நேரமா எடுத்துக்கிட்டா எல்லாம் சரியா வருது. மணிக்கு நாப்பது கிலோமீட்டர்."

"நின்ன வண்டி எப்படிம்மா ஓடும்?"

"வந்து உக்காந்து பாருங்க" என்றார் சூசைராஜ்.

மறுநாள் பிரசாத் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினார். கேட்டில் நின்றதும் ரோடு வந்தது. ஜஹீராபாத் தாண்டியது. கர்நாடக எல்லையும் தாண்டியது. ஹும்னாபாத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, இது ஏதோ கண்கட்டு வித்தை என்று நிரூபிக்க, வீம்பாகக் கதவைத் திறந்து இறங்கினார். அந்த நேரம் பார்த்து கேட்டில் விசில் கேட்டது. சூசைராஜ் ராமச்சந்திராபுரத்தில் உள்ளே போய் லோடு ஏற்றினார். ஹும்னாபாத்திலேயே நின்றுபோன பிரசாத் மறுநாள் காலை கர்நாடக அரசு பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

"ஹவ், ஆமா, ஓடுது" என்று மட்டும் சொல்லிக் கடிதத்தைக் கிழித்தார்.

இன்னொருவராக இருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். சூசைராஜ் நகரவில்லை. "கிழிச்சாப் போதாதுங்க. அத்தனை நேரமும் ஸ்டியரிங் என் கையிலதான் இருந்துச்சு. ஓட்டினேன்னு எழுதுங்க. இல்லீன்னா இந்தாங்க சாவி, கேட்ல நீங்களே போய் நில்லுங்க."

பிரசாத் சாவியைத் தொடவில்லை. ரோஸ்லின் அவர் முகத்தைப் பார்க்காமலேயே, நின்ற நேரம் முழுவதையும் ஓட்டிய நேரத்தில் சேர்த்தாள். சூசைராஜ் அதை ஒரு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார். ஆவணிக்குள் அந்த வரிசையில் நின்ற மற்ற வண்டிகளும் ஓட ஆரம்பித்தன. ஒன்று நாக்பூர் வரை போனதாகச் சொன்னார்கள். தீபாவளிக்கு முன்பு, நின்றே தேய்ந்த டயர்களையெல்லாம் கம்பெனி புதிதாக மாற்றிக் கொடுத்தது. எப்படித் தேய்ந்தன என்று யாரும் கேட்கவில்லை.