எழுபத்தெட்டு மார்க் வரம்

எண்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம், நிரப்ப அரை மணி நேரம். சபையில் யாருக்கு என்ன ஆவிக்குரிய வரம் என்று கண்டுபிடிக்கப் புதுப் போதகருக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டது. கட்டங்களைக் கூட்டிப் பார்த்ததில் கையக்காவுக்கு நிர்வாக வரம் என்று வந்தது. நாற்காலி அடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

கையக்கா என்பது சபைப் பிள்ளைகள் வைத்த பெயர். வார நாட்களில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு இடப்பக்கம் நின்று பாட்டு, ஜெபம், பிரசங்கம், அறிவிப்பு எல்லாவற்றையும் கைகளால் சொல்கிறவள். அவள் கைகளைப் பார்ப்பதற்கென்றே முன்வரிசையில் காது கேளாத ஆறு பேர் உட்காருவார்கள். அதில் ஒருத்தி அவளைப் பெற்ற அம்மா, தையல்காரி. வாயால் பேசக் கற்பதற்கு முன்பே கையால் பால் கேட்டவள் கையக்கா. பதினொரு வருஷமாக, காய்ச்சல் என்றும் கல்யாணம் என்றும் ஒரு ஞாயிறு அவள் தவறியதில்லை.

போதகர் அவளை அலுவலறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மேசைமேல் அவளுடைய விடைத்தாள் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். உங்ககிட்ட இருக்கறது தாலந்து, வெறும் திறமை. அம்மாகிட்ட படிச்சது. விசுவாசமே இல்லாத ஆளுக்குக்கூட அது வரும். முன்னால நின்னு செய்யற ஊழியம் வரத்தாலதான் நடக்கணும்."

"சரிங்க ஐயா. அந்த ஆறு பேருக்கு இனிமே யாரு சொல்லுவாங்க?"

"சபை மூப்பரோட வீட்டம்மாவுக்கு வியாக்கியான வரத்துல, அதாவது பாஷை பெயர்த்துச் சொல்றதுல, எழுபத்தெட்டு மார்க். சபையிலேயே அதிகம்."

கையக்கா அவர் விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். விளையாடவில்லை.

"ஐயா, அவங்களுக்குச் சைகை பாஷையில ஒரு எழுத்துகூடத் தெரியாதே."

"தெரிஞ்சு செஞ்சா அது தாலந்து, சிஸ்டர். தெரியாம செய்யறப்பதான் வரம்னு புரியும்."

அடப்பாவி மனுஷா! நாலு வருஷம் வேதக் கல்லூரியில் உட்கார்ந்து பிரசங்கம் பண்ணப் படித்தாயே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. வம்பு பண்ணினால் முன்வரிசையே இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில் கையக்கா அதை விழுங்கினாள். விழுங்கியதற்காக வீடு வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள். நாற்காலி அடுக்குவதில் அவளுக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அந்த ஆறு பேருக்கும் ஊரில் இருந்த சபை இது ஒன்றுதான். அதன் கதவைப் புன்னகையோடு சாத்துகிறாரே என்றுதான் அவளுக்கு வயிறு எரிந்தது.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு அம்மா முழுக் கதையையும் மகளின் கைகளில் பார்த்தாள். பிறகு கையை அசைத்தாள்.

"நாற்காலிக்காவது நீ சொல்றது புரியுமா?"

"சிரிக்காதேம்மா. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"நான் எங்கடி சிரிச்சேன்?" என்றாள் அம்மா. உண்மையிலேயே சிரிக்கவில்லை.

ஞாயிறு வந்தது. மூப்பரின் வீட்டம்மாவைக் குறை சொல்லக் கூடாது. ஒரு எறும்புக்கும் கெடுதல் நினைக்காத மனுஷி, மூன்று நாள் உபவாசம் இருந்து வந்திருந்தாள். பாட்டு ஆரம்பித்ததும் கையை மேலே தூக்கினாள், நெஞ்சில் வைத்தாள், மேலே காட்டினாள், திரும்பவும் தூக்கினாள். பிரசங்கத்துக்கும் அதேதான். கடைசி வரிசையில் நாற்காலிகளோடு நின்ற மகளை அம்மா திரும்பிப் பார்த்துக் கையால் கேட்டாள்.

"இவங்களுக்குக் கொசு கடிக்குதா?"

ஆறு பேரில் ஒருவரான அச்சகக்காரர் பக்கத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டு சத்தமாகச் சிரித்தார். "பாருங்க, ஆவியின் சந்தோஷம்!" என்றார் போதகர். சபை ஸ்தோத்திரம் சொன்னது. கையக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சாட்சி சொல்லும் நேரம். முன்வரிசையிலிருந்து தச்சர் எழுந்து வந்து சபையைப் பார்த்து நின்றார். போதகர் தட்டித் தட்டிப் பிரசங்கம் பண்ணும் பிரசங்க மேசையைச் செய்தவர் அவர்தான். அவர் மனைவிக்கும் காது கேட்காது; அவளுடைய இடம் அன்றைக்குக் காலியாக இருந்தது. தச்சரின் கைகள் பேசத் தொடங்கின. தூரத்திலிருந்து பார்த்த கையக்கா, எடுத்த நாற்காலியைக் கீழே வைக்கவும் மறந்தாள்.

மூப்பரின் வீட்டம்மா வியாக்கியானத்துக்காகக் காத்து நின்றாள், கண்ணை மூடிக்கொண்டு! கையால் பேசுகிறவர் முன்னால் கண்ணை மூடினால் காதைப் பொத்திக்கொண்ட மாதிரிதானே? நடுவில் ஒரு தடவை கண் திறந்தபோது தச்சர் தன் நெஞ்சைத் தொடுவது தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

"என் வீட்டுல பெரிய காரியம் நடக்குது! என் இருதயம் சந்தோஷத்தால நிரம்பி வழியுது!"

சபை அல்லேலூயா போட்டுக் கைதட்டியது. டிரம்ஸ்காரர் ஒரு தட்டுத் தட்டினார். தச்சர் அத்தனை சிரித்த முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கைகள் பாதியில் நின்றுபோயின.

கையில் இருந்த நாற்காலியை அப்படியே போட்டுவிட்டு கையக்கா நடுவழியில் நடந்தாள்.

"சிஸ்டர், ஒழுங்கா நடந்துக்கணும், இது ஆராதனை" என்றார் போதகர்.

அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தச்சரைப் பார்த்து, "திரும்பச் சொல்லுங்க மாமா" என்று கை காட்டினாள். அவர் சொல்லச் சொல்ல இவள் வாய் திறந்தாள். கையால் பேசுகிறவர் 'நான்' என்றால் சொல்கிறவளும் 'நான்' என்பாள். அந்த வேலையின் முறை அது.

"நாளைக்குக் காலையில என் மனைவிக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார். நாலு நாளா நான் தூங்கலை. எனக்குப் பயமா இருக்கு. இதையேதான் முதல்லயும் சொன்னேன். நீங்க எல்லாரும் ஏன் கைதட்டினீங்க?"

போதகர் அவள் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில், "சிஸ்டர், மனசு கஷ்டப்படாத மாதிரி ஏதாவது சொல்லி சமாளிங்க" என்றார்.

கையக்கா அதையும் ஒரு வார்த்தை விடாமல் கையில் சொன்னாள். முன்வரிசையின் முகங்கள் எல்லாம் போதகரைப் பார்த்துத் திரும்பின. பிறகு அவள் சபைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ஐயா, சேர்க்கறதும் குறைக்கறதும் எனக்குப் பழக்கமில்லை. அவர் உங்களைத்தான் கேக்கறார். பதிலை நீங்க சொல்லுங்க, நான் கையில சொல்றேன்."

போதகர் பதில் சொல்வதற்கு முந்தி மூப்பரின் வீட்டம்மாவுக்கு அழுகை வெடித்தது. "எனக்கு ஒண்ணுமே புரியலை அண்ணா. நானாத்தான் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க." அதையும் கையக்கா சொன்னாள். தச்சர் தலையசைத்தார்.

"விடைத்தாளை மறுபடியும் ஒருதரம் கூட்டிப் பார்த்துடலாம்..." என்று போதகர் ஆரம்பித்தார்.

தச்சர் அவரை முடிக்க விடவில்லை. கையக்காவின் குரல் சபையெங்கும் கேட்டது.

"அதெல்லாம் அப்புறம். என் மனைவிக்காக இப்ப ஜெபம் பண்ணுங்க. கடவுள்கிட்ட அவளுக்காக நீங்க என்ன கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியணும். இவ சொல்லட்டும்."

போதகர் கண்ணை மூடினார். மணிக்கணக்கில் பேசுகிற மனிதருக்கு அன்றைக்கு வாய் குழறியது. முன்வரிசைக்காரர்கள் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தார்கள். கையக்கா அவர் சொன்ன எல்லாவற்றையும் சொன்னாள், திக்கிய இடங்களையும் விடாமல்.