சுடாத கால்

லோகேஸ்வரன் மாமா ஆஸ்பத்திரி வார்டில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நேரலையைத் தொடங்கியபோது, புனிதவதி போர்வையை இழுத்து அப்பாவின் காலை மூடினாள். மாமா அதை மறுபடி விலக்கினார். கட்டுப் போட்ட கால் தெரியாவிட்டால் சமுதாயம் கொதிக்காதாம்.

“பாருங்க மக்களே! இந்தியன் காலுன்னா ஒடனே வெட்டு! சாமிக்குத் தீ மிதிச்ச கால் லா இது! நம்ம சமயத்து மேலயே கை வைக்கிறானுங்க!”

மாமா ராசா டவுனில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறார். கட்சிக் கிளைத் தலைவரும் அவரே. கிளையில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள், மீதிப்பேர் அவரிடம் போன் வாங்கியவர்கள். எதிர்க்கட்டிலில் ஒற்றைக் காலோடு படுத்திருந்த மலாய்க்காரப் பெரியவர், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி அவரை ரசித்துக்கொண்டிருந்தார். அவருடைய இன்னொரு காலை எந்தச் சதிகாரன் கொண்டுபோனான் என்று மாமா விசாரிக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அப்பா நாராயணசாமி, செம்பனை எண்ணெய்த் தோட்டமொன்றில் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். பல வருடங்களாக இனிப்பு நீர் வியாதி. ஆடித் திருவிழாவில் பூக்குழி இறங்கினார். மற்றவர்கள் எகிறிக் குதித்து ஓடிய நெருப்பில் அவர் மட்டும் மாலை நேரத்தில் காற்று வாங்கப் போகிறவர் போல நிதானமாக நடந்து வந்தார். சுடவே இல்லை. அம்மன் இறங்கிவிட்டாள் என்று கூட்டம் அவர் காலில் விழுந்தது. வேலை வாங்கும்போது அவரை நாயே பேயே என்று திட்டுகிற தோட்டத்து மண்டோர்கூட விழுந்தார். மறுவாரம் கால் கறுத்து நாறியது. சுடாததற்குக் காரணம் அம்மன் அல்ல, நரம்பு செத்துவிட்டது என்றார் டாக்டர். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், விஷம் ஏறுகிறது, மாலைக்குள் சம்மதக் கையெழுத்து வேண்டும், தள்ளிப்போட்டால் உயிர் போகும்.

காலைக்கூட அப்பா கொடுத்துவிடுவார். ஆனால் கையெழுத்துப் போட்டால் அம்மன் வரவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறந்ததிலிருந்து ஒரே ஒருமுறைதான் மனிதர்கள் அவர் காலில் விழுந்திருக்கிறார்கள்.

“போன கீழ வைங்க மாமா. யாரும் காலப் பிடுங்கல. ரெண்டு வருஷமா கிளினிக் பக்கமே போகல இவரு. மாத்திரைய பாக்கெட்டோட தூக்கிப் போட்டாரு.”

“எப்படிம்மா போவாரு? தோட்டத்துக் கிளினிக்க மூடுனது யாரு? பஸ்ஸ நிறுத்துனது யாரு? ஒரு நாள் லீவு போட்டா அன்னைக்குச் சம்பளம் போச்சு. ஒனக்கென்ன, செரண்டா பேக்டரில ஏசில ஒக்காந்துகிட்டுப் பேசுவ.”

“அப்ப தே தாரிக்ல சீனியக் கொட்டுனதும் கவர்மெண்டுதானா?”

“ஒழைக்கிற மனுசன் லா அவரு! ஒரு டீ குடிச்சா ஒனக்குப் பொறுக்கலையா?”

மாமா சொன்னதில் பாதி உண்மை. அதுதான் அவளுக்கு எரிச்சல். கிளினிக்கை மூடியபோது மாமாவின் கட்சியும் ஆட்சியில் ஒட்டிக்கொண்டிருந்ததை நேரலையில் அவர் சொல்லமாட்டார். தன்னிடம் மோட்டார் சைக்கிள் இருந்ததை அவளும் சொல்லமாட்டாள். விடுப்பையெல்லாம் தோழிகளோடு லங்காவித் தீவுக்கு உல்லாசம் போய்த் தீர்த்தவள் அவள். ‘அவரவர் உடம்புக்கு அவரவர்தான் பொறுப்பு’ என்பது எவ்வளவு சுத்தமான வாக்கியம். அதில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

நர்ஸ் மிஸ்ஸி வந்து, வார்டில் படம் எடுக்கக் கூடாது என்று மாமாவை வெளியே போகச் சொன்னாள்.

“பாத்தீங்களா மக்களே, வாயையும் அடைக்கிறானுங்க!” மாமா மிகுந்த சந்தோஷத்தோடு வெளியேறினார்.

அப்பா போர்வையை இழுத்துக் காலை மூடினார்.

“ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுறீங்க,” என்றார். “புனிதா, கட்டுக்கு மேல தெரியிற தோல்ல கிள்ளு. வலிச்சா கையெழுத்துப் போடமாட்டேன். வலிக்கலன்னா பேனாவக் குடு.”

“என்னப்பா இது…”

“கிள்ளு. ஏமாத்தாத லா.”

கண்களை இறுக மூடிக்கொண்டார்.

விரலால் லேசாகத் தொட்டுவிட்டு எடுத்திருக்கலாம். காரியம் முடிந்திருக்கும். ஆனால் அவள் விரல்கள் முழங்காலுக்குக் கீழே சதையைப் பற்றித் திருகின. வீசியெறிந்த மாத்திரை, தே தாரிக், லங்காவி எல்லாம் நகத்துக்குள் இறங்கின. கத்துப்பா, ஒருதடவை கத்து என்று அவளுக்குள் யாரோ கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். தோல் வெளுத்தது, சிவந்தது, நகத்தடியில் ரத்தம் துளிர்த்தது.

அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு வலிக்காகக் காத்திருந்தார். நெற்றி வியர்த்திருந்தது.

“ம்,” என்றார். “கிள்ளு.”