எலும்பில்லாத பொம்மை

அலுவலகத்தில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். எண்ணெய்க் கப்பல்களுக்கு வரைபடம் போடுகிறவர். இருபது வருஷமாக அவருக்கு ஒரே மல்லுக்கட்டுதான். வாங்க வருகிறவர்களுக்குக் கப்பல் எண்ணெயும் கூடுதலாகப் பிடிக்க வேண்டும், பாதுகாப்பும் கூடுதலாக இருக்க வேண்டும். கப்பல் மட்டும் ஒரு விரல்கடை பெரிதாகக் கூடாது.

எண்ணெய்க் கப்பலுக்கு இரண்டு சுவர்கள். வெளிச்சுவர் பாறையில் இடித்துக் கிழிந்தாலும் உள்சுவர் எண்ணெயை விடாது. நடுவில் இருப்பது வெறும் இடைவெளி. அந்த வெறும் இடத்தைப் பார்த்தாலே மேலாளருக்கு வயிறு எரியும். இவ்வளவு இரும்பை வாங்கி, அதற்குள் காற்றை அடைத்துக்கொண்டு உலகம் சுற்றுவதா என்பார்.

இந்த முறை மில்லிமீட்டர் கைவரிசையைக் காட்டினார். விதிக்கு எந்தக் குறையும் வைக்காமல், இரண்டு பக்கமும் இடைவெளியில் இருபது சென்டிமீட்டரைச் சுரண்டினார். கப்பல் இரண்டாயிரம் டன் கூடுதலாகப் பிடித்தது. மேலாளர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. தலைமை வடிவமைப்பாளர் நாற்காலி மூன்று மாதமாகக் காலியாகக் கிடந்தது. திங்கட்கிழமை வரைபடத்தில் கையெழுத்துப் போடுங்கள், செவ்வாய்க்கிழமை அதில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் சாப்பிட வந்தான். மனைவியின் தம்பி. கப்பல் கப்பலாக ஏறி, அந்த இடைவெளிக்குள் டார்ச்சோடு இறங்கி, துருவும் விரிசலும் தேடுவது அவன் பிழைப்பு. வரைபடத்தைப் புரட்டியவனின் விரல் ஏணிக்குத் திரும்பும் மூலையில் நின்றது. உள்ளே ஒருத்தன் மயங்கி விழுந்தால் ஸ்ட்ரெச்சர் இங்கே திரும்புமா என்று கேட்டான்.

மில்லிமீட்டருக்குச் சுருக்கென்றது. மரப்பலகையில் அதே அளவுக்கு மாதிரி கட்டி, ஸ்ட்ரெச்சரில் பொம்மையைக் கட்டி இழுத்துப் பார்த்தாயிற்று, வழுக்கிக்கொண்டு வந்தது, சான்றிதழ்கூட இருக்கிறது என்றார். பொம்மை எதில் செய்தது என்றான் அவன். கந்தல் அடைத்த சாக்கு என்றார்.

“கந்தல் எப்படி வேணா மடங்கும் அத்தான். அதுக்கு எலும்பு கிடையாது. எனக்கு இருக்கு.”

மனைவி இரண்டு பேருக்கும் பொதுவாகத் தண்ணீர்ச் செம்பை வைத்தாள். “நாளைக்குத்தானே கையெழுத்து? அதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை படுத்துப் பாத்துடுங்களேன்.”

திங்கட்கிழமை காலை மைத்துனனும் மாதிரியைக் கட்டிய தச்சரும் அவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தலை முதல் கால் வரை வாரால் இறுக்கினார்கள். மாதிரிக்குள் மூன்று மீட்டர் சுகமாகப் போயிற்று. மூலையில் தோள் திரும்பியது, இடுப்பு திரும்பவில்லை. தள்ளிப் பார்த்தார்கள். இழுத்துப் பார்த்தார்கள். முழங்கால் ஒரு பக்கம் முட்ட, பலகை நெஞ்சை அழுத்த, தான் வரைந்த மூலையில் தானே அடைத்துக்கொண்டு கிடந்தார். மரம்தான், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தும் பயம் பிடித்துக்கொண்டது. மைத்துனன் இப்படி இருட்டில் கிடப்பது கண்முன் வந்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மேலாளர் கப்பல் வாங்குகிறவர்களை அழைத்துக்கொண்டு வந்தார். அசரவில்லை மனிதர். எங்கள் வடிவமைப்பாளரின் பொறுப்பைப் பாருங்கள், தானே உள்ளே இறங்கிச் சோதிக்கிறார் என்றார். இந்தக் கப்பலிலிருந்து ஒரு சொட்டு வெளியே வராது என்றும் உறுதி சொன்னார். சொட்டு என்ன, ஆளே வர முடியாது என்று உள்ளே கிடந்தவர் நினைத்துக்கொண்டார்.

தச்சர் ரம்பத்தோடு குனிந்து எவ்வளவு அறுக்க வேண்டும் என்று கேட்டார்.

“இருபது சென்டிமீட்டர்,” என்றார் மில்லிமீட்டர்.

மேலாளர் சிரித்த முகம் மாறாமல் குனிந்தார். “அது ரெண்டாயிரம் டன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுட்டேன் சார். கப்பல்ல இது இரும்பு. எண்ணெய் ஆவி இருக்கிற இடத்துல நெருப்பு வச்சு வெட்டவும் முடியாது. அறுக்கச் சொல்லுங்க.”

வெளியே வந்ததும் வரைபடத்தில் பழைய அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாங்குகிறவர்கள் கைதட்டினார்கள், அந்த இரண்டாயிரம் டன்னை வேறு எங்கேயாவது பிடிக்க முடியுமா என்றும் கேட்டார்கள். பிடித்துத் தருகிறேன் என்று முன்வந்த இன்னொரு வடிவமைப்பாளருக்கு அந்த நாற்காலி கிடைத்தது. மில்லிமீட்டருக்குப் புதுப் பொம்மை செய்யும் வேலை வந்தது. அறுத்த பலகையைத் தச்சர் வீணாக்கவில்லை, பொம்மைக்கு முதுகெலும்பாகவும் காலெலும்பாகவும் வைத்துத் தைத்தார்.

இரண்டு மாதத்தில் புதுத் தலைமை வடிவமைப்பாளர் தன் வரைபடத்துக்கு மாதிரி கட்டினார். பொம்மை முதல் மூலையிலேயே சிக்கிக்கொண்டது. பொம்மை ரொம்ப விறைப்பாக இருக்கிறது, கொஞ்சம் இளக்கித் தரக்கூடாதா என்று கேட்டார்.

மில்லிமீட்டர் பொம்மையை அவிழ்த்து ஓரமாக வைத்தார். ஸ்ட்ரெச்சரை நன்றாக விரித்துத் தட்டிவிட்டார்.

“நீங்க படுங்க சார்.”