யாரும் சாகாத நாவல்

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெண் யாரும் சாகாத ஒரு நாவல். துப்பறியும் கதையாக இருக்கலாம். மந்திரவாதிகள் வரலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் காதலிக்கலாம். எதுவானாலும் சரி.

"இவ்வளவுதானா?" என்றார் பல் டாக்டர். "ஏகப்பட்டது இருக்குங்க. ஒரு லாரி நிறைய அனுப்பட்டுமா?"

வாசகர் வட்டம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மருந்துக்கடைக்கு மேலே ஒரு டியூஷன் சென்டரில் கூடும். பெஞ்சுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கானவை, முழங்கால் இடிக்கும். கரும்பலகையில் யாரோ பாதியில் விட்ட கணக்கு ஒன்று இருந்தது. என் மனைவி இந்த வட்டத்தில் பல வருடம் இருந்தாள். நான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவேன், பிறகு வந்து கூட்டிப்போவேன். மாடி ஏறியதில்லை. எனக்குப் படிக்கிற பழக்கம் கிடையாது. இந்த வருடத் தொடக்கத்தில் அவள் இறந்துபோனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது.

புத்தகம் எனக்கு இல்லை, அத்தைக்கு. அவளுடைய அம்மா. கண் ஆஸ்பத்திரி எங்கள் தெருமுனையில் இருப்பதால் புரை அறுவைக்காக வந்து என் வீட்டில் தங்கியிருக்கிறார். அறுவை நல்லபடியாக முடிந்தது, வீக்கம்தான் வடியவில்லை. புத்தகம், டிவி, போன் மூன்றும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை கொலைக் கதை இல்லாமல் சாப்பிட உட்காரமாட்டார். மகளுக்கு அந்தப் பைத்தியம் இவரிடமிருந்துதான் ஒட்டியது.

போனில் புத்தகம் வாசிக்கும் குரல் ஒன்றைப் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன்.

"ரயில் தாமதம்னு சொல்ற மாதிரியே கொலையைச் சொல்றா. நிறுத்துங்க மாப்பிள்ளை."

ஆக நான்தான் வாசிக்க வேண்டும். அலமாரியில் முதலில் கைக்கு வந்ததை எடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் ஆற்றங்கரையில் ஓர் இளம்பெண்ணின் உடல். மூடினேன். அடுத்தது. வாடகை அறையில் ஓர் இளம்பெண்ணின் உடல். அதையும் மூடினேன். கண்ணில் பச்சைத்துணி கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் இதை எந்த வாயால் வாசிப்பது?

"என்ன சத்தத்தையே காணோம்?" என்றார்.

"எழுத்து ரொம்பப் பொடியா இருக்கு அத்தை."

"எனக்குத்தானே கண் ஆபரேஷன்?"

இரண்டு மூன்று நாள் இப்படியே போனது. அத்தை ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பிறகு சொன்னார். "பெரியவனை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்றேன் மாப்பிள்ளை. அங்க பிள்ளைங்க சண்டையாவது காதுல விழும். இங்க சுவரைத்தான் கேக்க வேண்டியிருக்கு."

பெரியவன் என்றால் அவர் மகன், என் மச்சான். வெளியூர். காரில் வந்தால் அரை நாள்.

அத்தை போய்விட்டால் இந்த வீட்டில் குக்கர்கூடக் கத்தாது. எனக்கு அது தெரியும். அவர் வருவதற்கு முன் நான் ரொட்டியும் ஊறுகாயும்தான் தின்றுகொண்டிருந்தேன். போகாதீர்கள் என்று சொல்லவும் வரவில்லை. "நல்ல புத்தகமா ஒண்ணு வாங்கிட்டு வர்றேன் அத்தை, அதுக்கப்புறம் பார்க்கலாம்" என்றேன். அதனால்தான் அந்த மாடி ஏறினேன்.

வட்டத்தில் மூன்று பேர் முக்கியம். பல் டாக்டர், மந்திரவாதிக் கதைகள் மட்டும் படிக்கிற பெண்மணி. நோயாளி வாயைத் திறந்து வைத்திருக்கும்போது கதையும் சொல்லிவிடுவார், தப்பிக்க முடியாது. ஆடிட்டர், துப்பறியும் நாவல். மூன்றாமவர் ஜிம் மாஸ்டர், கழுத்தே தெரியாத ஆள். அவர் படிப்பது பதினாறு வயதுப் பெண்கள் முதல் முத்தத்துக்காகக் காத்திருக்கும் நாவல்கள். யாரும் சிரிப்பதில்லை. அவருடைய கையைப் பார்த்தால் உங்களுக்கும் சிரிப்பு வராது.

மூவரும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.

"இதுல ஒரு ஈகூடச் சாகாது. நான் கேரண்டி" என்றார் பல் டாக்டர். ஏழு பாகங்களில் முதல் பாகம். செங்கல் கனம்.

"வெறும் வைர நெக்லஸ் திருட்டு, அவ்வளவுதான்" என்றார் ஆடிட்டர்.

"சிரிச்சுக்கிட்டே படிப்பீங்க சார்" என்றார் மாஸ்டர்.

எனக்கு லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் பிரிவில் வேலை. நாள் முழுவதும் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் போனில் கத்துவார்கள், நான் ஆள் அனுப்புவேன். மதிய இடைவேளையில் மூன்று புத்தகத்தையும் புரட்டினேன். பல் டாக்டரின் வீரன் மனைவியைப் பறிகொடுத்தவன், ஒன்பதாம் பக்கம். ஆடிட்டரின் துப்பறிவாளன் வீடு திரும்பியதும் செத்த மனைவியின் படத்துக்கு எதிரே உட்கார்ந்து குடிக்கிறான். மாஸ்டருடைய நாவலில் முதல் வாக்கியத்திலேயே நாயகியின் அம்மா உயிரோடு இல்லை.

அடுத்த ஞாயிறு மூன்றையும் பெஞ்சில் வைத்தேன்.

"சார், உங்க ஆளோட பொண்டாட்டி செத்திருக்கா."

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க? அப்படி யாரும் இல்லையே... ஓ, அதுவா! அது கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடிங்க. கேஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சம்பந்தம் இல்லாம எதுக்குச் செத்தா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "அவனுக்கு ஒரு சோகம் வேணும்ல."

"உங்க ஈ என்னாச்சு டாக்டர்?"

"அவ செத்தாத்தானே அவன் வாளை எடுப்பான்? வீட்ல பொண்டாட்டி இருந்தா எவன் டிராகனைத் தேடிப் போவான்? யாராவது..." அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

மாஸ்டர் தானாகவே ஒப்புக்கொண்டார். "அம்மா இருந்தா அந்தப் பொண்ணை மழையில தனியா வெளியே விடுவாங்களா சார்? முதல் பக்கத்துலயே கதை முடிஞ்சிரும்."

"செத்தவங்களை நீங்க கணக்குலயே எடுக்கறதில்லையா?" என்றேன். என் குரல் பெஞ்சுகளில் பட்டுத் திரும்பி வந்தது. "ஒரு ஆள் உயிர் போயிருக்கு. படிச்சிட்டு, ஈகூடச் சாகலைன்னு சொல்றீங்க."

பல் டாக்டர் தலைகுனிந்து செங்கல் புத்தகத்தின் ஓரத்தைத் தடவினார். "தப்பா எடுத்துக்காதீங்க. இதை எனக்குச் சொன்னதே உங்க வீட்டுக்காரங்கதான். ஒரு ஈகூடச் சாகாது, தைரியமா படிங்கன்னு."

அவள் அப்படித்தான். எனக்கும் சிபாரிசு செய்திருக்கிறாள். புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டு எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்ப்பாள். நான் பக்கம் திருப்பினால், "வந்துட்டானா? குதிரைக்காரன் வந்துட்டானா?" என்பாள். அப்படிப் பார்த்தால் யாரால் படிக்க முடியும்? நல்ல இடம் வரும்போது எனக்கு முன்பே சிரித்துவிடுவாள். ஒன்பதாம் பக்கத்தில் ஒருத்தி செத்துக் கிடப்பதை மட்டும் அவள் கண் பார்க்கவே இல்லை. கோபம் வந்தது. அவளிடம்தான். சண்டை போடத்தான் ஆள் இல்லை.

செங்கலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வேறு வழியில்லை. வாசிக்கும்போதே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். லிஃப்ட்டில் மாட்டியவரிடம் "ஆள் கிளம்பியாச்சு" என்று தினமும் சொல்கிறேன், இது பெரிய விஷயமா?

முதல் எட்டுப் பக்கம் நன்றாகத்தான் போனது. பனி, கோட்டை, ஓநாய். அத்தை நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒன்பதாம் பக்கத்தில் "மன்னனின் ஆட்கள் அவன் மனைவியைக் கொன்ற இரவில்" என்று இருந்தது. நான் "அவன் மனைவி தாய்வீட்டுக்குப் போன இரவில்" என்று வாசித்தேன். அத்தை தலையாட்டினார்.

பன்னிரண்டாம் பக்கத்தில் அவன் தலைநகரத்துக்குத் தீ வைத்தான்.

"இருங்க இருங்க" என்றார் அத்தை. "ஊரை எதுக்குக் கொளுத்தறான்?"

"கோபம் அத்தை."

"யார் மேல?"

"மன்னன் மேல."

"பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போனதுக்கு மன்னன் என்ன பண்ணுவான்?"

நான் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் உதவி எதுவும் இல்லை.

"ஒரு எட்டுப் போய்க் கூட்டிட்டு வரவேண்டியதுதானே? இதுக்கா ஊரைக் கொளுத்துவாங்க? கிறுக்கனா அவன்?" அத்தை பச்சைத்துணிக்குக் கீழே மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மாப்பிள்ளை. அவ செத்துட்டாளா?"

"ஆமா அத்தை."

"புக்குல அப்படித்தானே போட்டிருக்கு?"

"ஆமா."

"அப்ப போட்டிருக்கறதைப் படிங்க. நான் என்ன குழந்தையா? இத்தனை வருஷமா எத்தனை கொலை பார்த்திருப்பேன்."

படித்தேன். "மன்னனின் ஆட்கள் அவன் மனைவியைக் கொன்ற இரவில் அவன் வாளை எடுத்தான்." எனக்கு எதுவும் ஆகவில்லை. நிறுத்தினேன்.

"மேல?"

"அடுத்த பாரா குதிரையைப் பத்தி அத்தை."

"அவளைப் பத்தி?"

"அவ்வளவுதான் இருக்கு."

"முன்னாடி? பின்னாடி?"

பின்னால் புரட்டினேன். முன்னால் புரட்டினேன். அவளுக்குப் பெயர்கூட இருபதாம் பக்கத்தில்தான் வந்தது, அதுவும் அவன் வாளுக்கு அந்தப் பெயரை வைத்ததால்.

அத்தை எழுந்து நின்றுவிட்டார். நான் அழுவார் என்று பயந்தேன். அவருக்கு வந்தது ஆத்திரம்.

"ஒரே வரியா? ஒரு பொம்பளையை ஒரே வரியில முடிச்சிட்டுக் குதிரைக்கு ஒரு பாராவா? அவ என்ன பண்ணிட்டிருந்தா, எதுக்குச் சிரிப்பா, எதுக்குக் கத்துவா, ஒண்ணும் கிடையாதா? இதை எழுதினவனைத்தான் முதல்ல கொளுத்தணும்." சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனவர் பாதியில் திரும்பினார். "உங்க ஆளுங்ககிட்ட ஒழுங்கா கேளுங்க மாப்பிள்ளை. சாகட்டும். ஆனா சாகறதுக்கு முன்னாடி நூறு பக்கமாவது அவ உயிரோட இருக்கணும். அந்த மாதிரி புக்கு இருந்தா கொண்டாங்க. இல்லைன்னா வர்ற ஞாயித்துக்கிழமை பெரியவனை வரச் சொல்லியாச்சு, நான் கிளம்பறேன்."

ஆடிட்டருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் வெகுநேரம் உம் கொட்டினார்.

"ஒண்ணு இருக்கு. ஆனா நான் சிபாரிசு பண்ண மாட்டேன். மகா இழுவை. கொலையே நூத்திச் சொச்சம் பக்கத்துலதான். அதுவரைக்கும் அந்தம்மா தண்ணித் தொட்டிக்காக மேல்வீட்டுக்காரனோட சண்டை போடறா. முப்பது வயசுல சைக்கிள் ஓட்டக் கத்துக்கறா. விழறா. எங்க வட்டத்துலயே யாரும் அந்த நூறு பக்கத்தைப் படிச்சு முடிக்கலை, உங்க வீட்டுக்காரங்க உள்பட. நேரா கொலைக்குத் தாண்டிடுங்க, அதுக்கப்புறம் பிரமாதம்."

புத்தகத்தை அவர் வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொண்டேன்.

இழுவைதான். தொட்டிச் சண்டை மட்டும் பதினொரு பக்கம். அத்தை ஒவ்வொரு வரியிலும் குறுக்கே விழுந்தார். "விடாதடி, மோட்டாருக்குப் பாதிக் காசு நீயும் குடுத்திருக்கல்ல?" என்றார். அந்தம்மா சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தபோது அத்தை சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்து, துணி நனைந்து, மருந்து திரும்பப் போட வேண்டியிருந்தது. நான் வேகமாக வாசித்தால் கையை நீட்டி முழங்காலில் தட்டுவார். "யார் துரத்தறா? மெதுவா."

எனக்கு எரிச்சல். இத்தனை பக்கம் படித்தும் துப்பு இல்லை, போலீஸ் இல்லை. கணவன் ஒருவன் இருக்கிறான், வாயே திறப்பதில்லை. ஆபீசிலும் அவள் சைக்கிள் பழகியாயிற்றா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போனில் ஒருவர் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மச்சான் வந்துவிட்டார். கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டே, "கிளம்புங்கம்மா, இருட்டறதுக்கு முன்னாடி போயிடலாம். மாப்ள, பை எங்க?" என்றார்.

அத்தை நாற்காலியைவிட்டு அசையவில்லை. "எப்படிடா வர்றது? அவ இன்னும் உயிரோடதான் இருக்கா."

மச்சான் என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "யாரும்மா?"

"சைக்கிள்காரி" என்றார் அத்தை. "இன்னும் நாற்பது பக்கம் உயிரோட இருப்பா. அதுவரைக்கும் நான் எங்கயும் வரலை. நீயும் உட்காரு."

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். நான் விட்ட இடத்தைத் தேடி எடுத்தேன். எழுபத்து மூன்றாம் பக்கம். வாயைத் திறந்தேன்.

"அங்கிருந்து இல்ல மாப்பிள்ளை" என்றார் அத்தை. "இவனுக்கு ஒண்ணும் புரியாது. முதல்லேருந்து படிங்க."

மறுபடியும் அந்தத் தொட்டி. பதினொரு பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பக்கத்துக்குத் திருப்பினேன்.